பிரிண்டர் நின்ற மாலை

2018 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை மாலை, சிட்டி யூனியன் வங்கியில் ஒரு பிரிண்டர் நின்றுபோனது. அலுவலகத்தில் பிரிண்டர் நிற்பதெல்லாம் ஒரு செய்தியா? பேப்பர் சிக்கியிருக்கும், டோனர் தீர்ந்திருக்கும், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆனால் இது ஸ்விஃப்ட் கணினியோடு இணைக்கப்பட்ட பிரிண்டர். வங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பண உத்தரவுகளுக்கான ஒப்புகைகளைக் காகிதத்தில் அடித்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. மறுநாள் காலை கணக்குகளை ஒத்துப் பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் வங்கியின் பெயரிலேயே போயிருப்பது தெரிந்தது. நியூயார்க் வழியாக துபாய்க்கு 5 லட்சம் டாலர். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. மறுபடி நியூயார்க் வழியாக சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குப் போனது உடனே தடுக்கப்பட்டது. மற்ற இரண்டின் பின்னால் வங்கி அலைய வேண்டியிருந்தது.

இது 1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம். காவிரிக்கரை வியாபாரிகளும் மிராசுதார்களும் வந்துபோன வங்கி. பழைய வங்கி என்றால் பழைய புத்தி என்று நினைத்துவிடக் கூடாது. 2016 நவம்பரில், ஊரே ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டிருந்த அதே மாதம், தி.நகர் கிளையில் ‘லட்சுமி’ என்ற ரோபோவை நிறுத்தி வாடிக்கையாளர்களோடு பேச வைத்தவர்கள் இவர்கள்தான். பேசும் ரோபோவை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பேசாமல் போன பிரிண்டரை ஒரு ராத்திரி முழுக்க யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து, 2018 மே 11 அன்று, பி.எஸ். மித்ரனின் ‘இரும்புத்திரை’ வெளியானது. வங்கிக் கணக்கு, தகவல் திருட்டு, ஆதார் எண், ஹேக்கர் என்று முழுக்க முழுக்க இந்த உலகத்துக்குள் நடக்கும் முதல் பெரிய தமிழ்ப் படம் அதுதான் என்று சொல்லலாம். அம்பத்தூர் பக்கத்துத் தியேட்டரில் கூட்டத்தோடு பார்த்தேன். இடைவேளையில் பலர் கைப்பேசியை எடுத்து எந்த ஆப்புக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படம் அரங்குக்குள்ளேயே ஆட்களை இப்படிச் செய்யவைப்பது சின்ன விஷயமில்லை. அதனால்தான் இந்தப் படத்தை ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று தள்ளிவிடாமல், அது எங்கே சரியாகப் பிடித்தது, எங்கே கைவிட்டது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. வங்கி மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு.

படத்தின் முதல் பாதி எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும். கதிரவன் ராணுவ மேஜர். கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத அப்பாவால் ஊரில் பட்ட அவமானம் அவன் உடம்பில் கோபமாக நிற்கிறது. அப்படிப்பட்டவன் தங்கை கல்யாணத்துக்கு வங்கிக்குப் போனால் கடன் கிடைப்பதில்லை. நேர்மையான சம்பளக்காரனுக்குக் கிடைக்காத கடன், ஏஜெண்ட் ஒருவன் தயாரிக்கும் போலி ஆவணங்களுக்குக் கிடைக்கிறது. கடனே ஆகாது என்றிருந்தவன் பொய் சொல்லிக் கடன் வாங்குகிறான். பணம் கணக்குக்கு வருகிறது. பிறகு கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

இதில் மித்ரன் கண்டுபிடித்த விஷயம் ஹேக்கிங் கிடையாது. பணத்தை இழந்தவன் புகார் கொடுக்கப் போக முடியாது என்பதுதான். அவனே பொய்க் காகிதம் நீட்டியவன். போலீஸ் வாசலில் போய் நின்றால் முதல் கேள்வி அவனைப் பார்த்துத்தான் வரும். திருடனுக்குப் பெரிய பாதுகாப்பு, திருட்டுக் கொடுத்தவனின் வெட்கம். வங்கி மோசடி பற்றி நான் படித்த தொழில்நுட்ப அறிக்கைகள் எதிலும் இவ்வளவு தெளிவாக இது சொல்லப்பட்டு நான் பார்த்ததில்லை. தமிழ் சினிமா ஒன்று சொன்னது.

சொல்லிவிட்டு, இடைவேளைக்குப் பிறகு மறந்தும்விட்டது.

இரண்டாம் பாதியில் அர்ஜுன் வருகிறார். கோட்டு, நிதானமான பேச்சு, எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கண். அர்ஜுன் நன்றாகச் செய்திருந்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வந்த நிமிடத்திலிருந்து படம் வங்கியை விட்டு வெளியேறிவிடுகிறது. இனி இது இரண்டு மூளைகளின் சண்டை. ஒருவன் விரலைச் சொடுக்கினால் ஊர் நடுங்குகிறது, இன்னொருவன் அதைவிடப் பெரிதாகச் சொடுக்க வேண்டும். எந்தக் கணினிக்குள்ளும் நினைத்த மாத்திரத்தில் நுழையக்கூடிய வில்லனை எழுதுவது சுலபம், ஏனென்றால் அவனுக்கு எந்த விதியும் கிடையாது. அந்தக் காலத்து விட்டலாச்சார்யா படத்து மந்திரவாதிக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசம், கையில் மண்டையோட்டுக்குப் பதில் லேப்டாப்.

உண்மையான திருட்டு எப்படி நடக்கிறது என்பதற்குக் கும்பகோணத்துக்கு முன்பே ஒரு பாடம் இருந்தது. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கி. திருடர்கள் உள்ளே வந்தது வேலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்கள் வழியாக. பயோடேட்டாவைத் திறந்து பார்க்கச் சொல்லும் சாதாரண மின்னஞ்சல். உள்ளே வந்த பிறகு அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து வங்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். பிறகு நாள் குறித்தார்கள். அங்கேதான் எனக்குப் புல்லரிக்கும். பங்களாதேஷில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. அடுத்த திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. இந்த மூன்று நாட்காட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, வியாழக்கிழமை ராத்திரி வேலையைத் தொடங்கினார்கள். ஜாதகம் பார்த்து முகூர்த்தம் குறிக்கிற மாதிரி. மொத்தம் 35 உத்தரவுகள், 95 கோடி டாலருக்கு. அங்கேயும் முதலில் பேச்சை நிறுத்தியது பிரிண்டர்தான்.

அதில் ஒரு பகுதி எப்படி நின்றது என்பது இன்னும் சுவாரசியம். 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் பெயருக்குப் போயிருந்தது. அந்தப் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லை ‘ஃபாண்டேஷன்’ என்று தப்பாக அடித்திருந்தார்கள். இடையில் இருந்த டாய்ச்சு வங்கியில் அது கண்ணில் பட்டு, என்ன இது என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பணம் மீண்டது. மணிலாவுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலர், சூதாட்ட விடுதிகளுக்குள் போய்க் கரைந்தது. ஒரு நாட்டின் மத்திய வங்கியினுடைய 2 கோடி டாலரைக் காப்பாற்றியது ஓர் எழுத்துப் பிழை, அதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு குமாஸ்தா மனம்.

இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். ஒரு மேசை, ஒரு திரை, ஆயிரக்கணக்கான உத்தரவுகளில் ஒன்று, ஒரு ஆள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். இதைவிடப் பதற்றமான காட்சி எந்த ஹேக்கர் படத்தில் இருக்கிறது? நம் இயக்குநர்களுக்கு இது படமாகத் தெரியவில்லை. சுவரில் பச்சை எழுத்துகள் ஓடினால்தான் தெரிகிறது.

கும்பகோணம் செய்தி வெளிவந்த அதே வாரம், 2018 பிப்ரவரி 14 அன்று, பஞ்சாப் நேஷனல் வங்கி நீரவ் மோடி விவகாரத்தை அறிவித்தது. சுமார் 11,400 கோடி ரூபாய். அதற்கும் வழி ஸ்விஃப்ட்தான், ஆனால் வெளியிலிருந்து எவனும் உடைத்துக்கொண்டு வரவில்லை. மும்பை கிளையில் இருந்தவர்களே செய்தி அனுப்பினார்கள். அந்தச் செய்திகள் வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் பதிவாகவில்லை, ஏனென்றால் இரண்டு அமைப்புகளும் இணைக்கப்படவில்லை. ஒரு வீட்டில் கணவன் எழுதும் கணக்கு நோட்டும் மனைவி எழுதும் கணக்கு நோட்டும் ஒன்றையொன்று பார்க்காவிட்டால் என்ன ஆகுமோ அதுதான். பிறகு ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்டு, 2019 மார்ச்சில் ஸ்விஃப்ட் கட்டுப்பாடுகளைச் சரியாக நிறைவேற்றாததற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆறு வருடமாக நான் பார்க்கும் வேலையின் பாதி இதுதான்: இரண்டு நோட்டுகளை ஒன்றையொன்று பார்க்க வைப்பது. கல்யாண வீட்டில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ‘பேங்க் சாஃப்ட்வேர்’ என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவேன்.

நான் இருப்பது அயனம்பாக்கத்தில். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர்களின் வண்டிகள், நடுவில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் மாதத் தவணை வீடுகள். எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவருக்குக் கோயம்புத்தூரிலிருந்து உருளைக் கம்பி அனுப்பும் கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பழைய வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த மாதப் பணத்தை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்பவும் என்று. லெட்டர்ஹெட் சரி, பில் நம்பர் சரி, தொகை பைசா சுத்தமாகச் சரி. முகவரியில் மட்டும் ஆங்கில ‘எம்’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. நானே இரண்டு முறை பார்த்தேன்.

கண்டுபிடித்தது அவரிடம் கணக்கு எழுதும் பெண். பி.காம் முடித்துவிட்டுத் திருவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். “அண்ணா, அந்தக் கம்பெனில இருந்து வர்ற மெயில்ல எப்பவும் வணக்கம் சார்னுதான் இருக்கும். இதுல டியர் சார்னு போட்டிருக்காங்க. ஒரு போன் போட்டுட்டு அனுப்பலாம்ணா.” அவ்வளவுதான். டாய்ச்சு வங்கியில் நடந்ததும் திருவேற்காட்டுப் பெண் செய்ததும் ஒரே வேலை.

இதே ரகத்தின் அசுர வடிவத்தை 2024இல் ஹாங்காங்கில் பார்த்தோம். அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் தன் நிதித் தலைவரையும் சக ஊழியர்களையும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் அவரைத் தவிர இருந்த அத்தனை பேரும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகங்கள். இனி கண்ணும் காதும் சாட்சி ஆகாது. அப்படியானால் எது சாட்சி? பழைய வங்கிக்காரர்களுக்குப் பதில் தெரியும். லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று வாடிக்கையாளரிடம், ஒன்று மேனேஜரிடம். ஒரு ஆள் பதிவு செய்தால் இன்னொரு ஆள் சரிபார்க்க வேண்டும். செய்தி வந்த வழியிலேயே பதில் கேட்காமல் வேறு வழியில் கேட்க வேண்டும். மின்னஞ்சலுக்கு போன், போனுக்கு நேரில். பிரிண்டரின் அருமை அங்கேதான். கணினி சொல்வதைக் கணினிக்கு வெளியே ஒரு காகிதம் தனியாகச் சொல்கிறது. திருடர்களுக்கு அது தெரிந்திருந்தது, அதனால்தான் முதலில் அதன் வாயைக் கட்டினார்கள்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் பேசும் பெட்டி ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் பெறப்பட்டது, பதினைந்து ரூபாய் பெறப்பட்டது என்று காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. யுபிஐ 2016இல் வந்தபோது அதில் இந்தப் பெட்டி கிடையாது. பணம் போட்டதாகப் பொய்யான திரையைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்கள் வந்த பிறகு, கை முழுக்க டிகாக்ஷனும் பாலுமாக இருக்கும் மாஸ்டரால் ஒவ்வொரு முறையும் போனைத் துடைத்துப் பார்க்க முடியாது என்பதால் வந்தது. கடைக்காரரின் க்யூஆர் அட்டைமேல் தன்னுடைய அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டும் உண்டு. அப்போது பெட்டி பேசாது. பேசவில்லை என்றால் மாஸ்டர் நிமிர்ந்து பார்ப்பார். கும்பகோணத்து பிரிண்டர் செய்ய வேண்டியிருந்த வேலையை இந்தப் பெட்டி செய்கிறது. வங்கிப் பாதுகாப்பு பற்றி நான் போன கருத்தரங்குகளில் இந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அங்கே க்வாண்டம் என்ற சொல் அடிக்கடி வரும்.

இப்போது இன்னொரு படத்துக்கு வருகிறேன். 2014இல் வந்த எச். வினோத்தின் ‘சதுரங்க வேட்டை’. அதில் கணினித் திருட்டு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. மண்ணுளிப் பாம்பு, ரைஸ் புல்லிங், தங்க நகைத் திட்டம், சங்கிலித் தொடர் வியாபாரம். ஆனால் இன்றைய இணைய மோசடியைப் புரிந்துகொள்ள ஒருவர் ஒரே ஒரு தமிழ்ப் படம்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன், ‘இரும்புத்திரை’யை இல்லை. காந்தி பாபு எதையும் உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. கதவைத் திறக்கவைக்கிறான். எதிராளி என்ன கேட்க ஆசைப்படுகிறான் என்று பார்த்து அதைச் சொல்கிறான். பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் 2012இல் கவிழ்ந்து கொங்கு மண்டலமே தலையில் கைவைத்துக்கொண்டிருந்த நேரத்து ஈரம் காயாமல் வந்த படம் அது. ஒவ்வொரு ஏமாற்றும் எப்படிக் கட்டப்படுகிறது என்று பொறுமையாகக் காட்டியது. அந்தப் பொறுமைதான் தமிழில் அரிது.

ஆனால் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு தகராறும் உண்டு. ஏமாந்தவன் பேராசைக்காரன் என்பதை அது நமக்கு நன்றாகப் பழக்கிவிட்டது. பேராசை இல்லாதவனை ஏமாற்ற முடியாது என்கிற நினைப்பு, படம் பார்த்தவர்கள் பார்க்காதவர்கள் எல்லோருக்கும் பொதுப்புத்தி ஆகிவிட்டது. 2014க்கு அது முக்கால்வாசி பொருந்தியிருக்கலாம். இப்போது பொருந்தவில்லை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ பேராசையைத் தொடுவதே இல்லை. பயத்தைத் தொடுகிறது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரில் கறுப்புப் பணக் கணக்கு திறக்கப்பட்டிருக்கிறது, கேமராவை அணைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். 2024இல் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் 7 கோடி ரூபாயைப் பிடுங்கியவர்கள், உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி வேடத்தில் ஒரு ஆள். எண்பது வயதைத் தாண்டிய, வாழ்க்கை முழுக்க வியாபாரம் பார்த்த மனிதர் அவர். அதே அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்குப் போனது விவகாரம். ஓஸ்வால் செய்த பெரிய காரியம், வெளியே வந்து பேசியது. பெரும்பாலானவர்கள் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்து அடுக்ககத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஒன்றரை நாள் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார், வைப்புத்தொகையை உடைத்து அனுப்பினார். நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அவர் என் அம்மாவிடம் சொன்னபோது பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. “பையன் அமெரிக்கால இருந்து போன் பண்ணி, எப்படிம்மா நம்பினேன்னு கேப்பான். அத மட்டும் என்னால தாங்க முடியாதுக்கா” என்றாராம். புகார் எண் 1930 என்று இருக்கிறது, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் போகும் வழியிலேயே பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்த மணிகளைத்தான் வெட்கம் தின்றுவிடுகிறது. ‘இரும்புத்திரை’யின் முதல் பாதி தொட்டுவிட்டுப் போன இடம் இதுதான். கதிரவனாவது பொய்க் காகிதம் நீட்டியவன். இந்த டீச்சர் என்ன பொய் சொன்னார்?

சட்டமும் அந்தப் பையனின் குரலில்தான் பேசுகிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு வகையில் நல்ல சுற்றறிக்கை. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே கிடையாது. தவறு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் முழுப் பணமும் திரும்பும். நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியின் தலையில். ஆனால் வாடிக்கையாளரின் அலட்சியம் என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஓடிபியைச் சொன்னது, தானே அனுப்பியது எல்லாம் அதற்குள் போய்விடும். புகார் கொடுக்கும்வரை போன பணம் அவருடைய நஷ்டம். கவுண்டரில் இது ‘நீங்கதானே சார் அனுப்பினீங்க’ என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடும். அந்த வாக்கியத்தோடு கிளம்பி வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

வேறு மாதிரியும் யோசிக்கலாம் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த பொய்க் குறுஞ்செய்திகளை நம்பி ஏறக்குறைய 790 பேர் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். லிங்க்கை அழுத்தியது அவர்கள்தான், விவரங்களைக் கொடுத்ததும் அவர்கள்தான். இருந்தும் வங்கி நல்லெண்ணத்தின் பேரில் முழுப் பணத்தையும் கொடுத்தது. 2024 டிசம்பரிலிருந்து அங்கே வங்கியும் தொலைபேசி நிறுவனமும் தங்கள் கடமையைச் செய்யாவிட்டால் நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு நீங்களே அனுப்பிய பணமாக இருந்தாலும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பெற்றுக்கொண்ட வங்கி பாதி. இதில் இரண்டாவது பாதியைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். திருட்டுப் பணம் ஏதோ ஒரு கணக்குக்குத்தான் போய் இறங்குகிறது. அந்தக் கணக்கு யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் அடையாள அட்டையை வைத்து, மாத வாடகைக்கு எடுத்த கணக்கு. அதைத் திறந்து கொடுத்த வங்கிக்கு வலித்தால்தான் அடுத்த கணக்கைத் திறக்கும்போது யோசிக்கும். இங்கே வலி முழுக்க டீச்சருக்கு. ரிசர்வ் வங்கி 2025இல் வங்கிகளின் இணைய முகவரியை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற்றச் சொன்னது, யுபிஐயில் தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் வசதியை அதே ஆண்டு அக்டோபரோடு நிறுத்தினார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் இவை எல்லாம் கதவுக்குப் போடும் தாழ்ப்பாள். கதவைத் தானே திறந்துவிட்டவருக்கு என்ன பதில் என்பது அப்படியே இருக்கிறது.

வினோத் 2023இல் ‘துணிவு’ எடுத்தபோது இந்த இடத்துக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். பாதி வந்தார். வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவன் வங்கிதான் கொள்ளைக்காரன் என்று காட்டுகிற கதை. சிறு எழுத்தில் அச்சிட்ட விதிகள், தள்ளிவிடப்படும் பரஸ்பர நிதி என்று நிறையப் பேசினார். ஆனால் அஜித் பேச வேண்டியிருந்ததால் எல்லாம் உரையாகிவிட்டது. ‘சதுரங்க வேட்டை’யில் காட்டியவர் ‘துணிவு’ல் அறிவித்தார். துப்பாக்கிச் சத்தத்தில் கவுண்டர் ஊழியரின் முகமே தெரியவில்லை. மாத இலக்கை முடிக்காவிட்டால் மேலிருந்து போன் வரும் என்று பயந்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் காப்பீட்டுப் படிவத்தை நீட்டும் இருபத்தாறு வயதுப் பெண்ணை நான் வேலை நிமித்தமாகப் பல கிளைகளில் பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றிய படம் அது ஆகியிருக்கலாம்.

வில்லன் யார் என்ற கேள்விக்கு வருவோம். அர்ஜுன் மாதிரி ஒருவர் எங்கோ இல்லாமல் இல்லை. பங்களாதேஷ் வழக்கில் அமெரிக்கா வடகொரியர் ஒருவர்மேல் குற்றம் சாட்டியது. ஒரு அரசே பின்னால் நின்று செய்யும் திருட்டு அது. ஆனால் டீச்சரை ஒன்றரை நாள் உட்காரவைத்த குரல் யாருடையது? தாய்லாந்தில் ஐடி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று விளம்பரம் பார்த்துப் போன பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, வேலியடைத்த வளாகத்தில் உட்காரவைத்து, நாளுக்கு இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்று இலக்கு கொடுத்தார்கள். மறுத்தால் அடி, மின் அதிர்ச்சி. 2022 அக்டோபரில் அப்படி மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் கல்லூரி வகுப்பறை ஞாபகம் வந்தது. அறுபது பேர் படித்தோம். கேம்பஸில் வேலை கிடைத்தது பதினாலு பேருக்கு. மிச்சப் பேரில் யார் யார் எந்த விளம்பரத்தைப் பார்த்து எங்கே போனார்கள் என்று முழுக்க எனக்குத் தெரியாது. மியாவாடிக்குப் போன பையனும் பட்டறைக் கணக்குப் பெண்ணும் நானும் ஏறக்குறைய ஒரே பஸ்ஸில் படிக்கப் போனவர்கள்தான்.

வேடிக்கை என்னவென்றால் மித்ரனுக்கு இந்த உலகமும் தெரியும். ‘இரும்புத்திரை’க்கு அடுத்து அவர் எடுத்தது 2019இல் வந்த ‘ஹீரோ’. போலிச் சான்றிதழ் தயாரிக்கும் இளைஞன், மாணவர்களின் மூளையை நசுக்கும் கல்விமுறை, பொறியியல் கல்லூரிகள். கடைசியில் அங்கேயும் முகமூடி போட்ட நாயகன் வந்து சண்டை போட்டான் என்பது வேறு விஷயம். தகவல் திருடர்களைப் பற்றி ஒரு படம், வேலை கிடைக்காத பொறியாளர்களைப் பற்றி ஒரு படம் என்று அடுத்தடுத்து எடுத்த அதே மனிதருக்கு, முதல் படத்தின் திருடனும் இரண்டாம் படத்தின் மாணவனும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. மியாவாடியிலிருந்து அந்த 13 பேர் வந்து இறங்கிய அதே மாதம் அவருடைய ‘சர்தார்’ வெளியானது. அதில் உளவாளி, தண்ணீர், சர்வதேசச் சதி எல்லாம் இருந்தது. நானும் அயனம்பாக்கத்திலிருந்து போய் முதல் வாரத்திலேயே பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது.